நிச்சயமா என்று கேட்கும் பெட்டி

ஒயர் சார் என்றால்தான் அவரை அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு ஒயர் தொங்கும். மைக் ஒயர், ஸ்பீக்கர் ஒயர், ஒன்றுமில்லாவிட்டால் காது பிய்ந்துபோன ஒரு ஹெட்போன். கல்யாணமான புதிதில் அவர் மனைவி, "டாக்டர்னு நெனச்சு யாராவது கையை நீட்டிடப் போறாங்க, வாசல்லயே கழட்டி வெச்சிட்டு வாங்க" என்று சத்தம் போடுவாள். கழற்றி வைப்பார். மறுநாள் வேறொன்று தொங்கும்.

வேலை, பார்வையில்லாதவர்களுக்கான ஒலி நூலகத்தில். மாடியில் நான்கு அறைகள். அதில் ஒன்றின் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, ஜன்னலைப் பழைய மெத்தையால் அடைத்திருந்தார்கள். அதுதான் பதிவு அறை. யாராவது வந்து உட்கார்ந்து புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பார்கள். அந்தப் பதிவைக் கைக்கடக்கமான ஒரு கருவியில் ஏற்றி உறுப்பினர்களுக்கு அனுப்புவார்கள். கேட்டு முடித்துக் கருவி திரும்பி வந்ததும் உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு வேறு புத்தகம். கருவிகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம்.

ஒயர் சார் முதலில் ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தவர். ஆம்ப்ளிஃபயர் சரிபார்க்க ஒருநாள் இங்கே வந்தார், அப்படியே பிடித்து வைத்துக்கொண்டார்கள். பிறகு யாரோ நன்கொடையாக ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதுபோல எல்லாரும் விலகிப் போனார்கள். இவர் பழைய புத்தகக் கடையில் தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம் வாங்கிவந்து, பாதி புரிந்தும் புரியாமலும் உருண்டு புரண்டு, நூலகத்துக்கென்று ஒரு மென்பொருளைக் கட்டினார். எந்தப் புத்தகம், யார் படித்தது, யாரிடம் போயிருக்கிறது, எல்லாம் அதற்குள். அதில் ஒரு பதிவை அழித்தால், அதனோடு சேர்ந்த ஒலியும் போய்விடும். இத்தனை வருஷம் கழித்தும் அதே சாம்பல் நிறப் பொத்தான்களோடு ஓடிக்கொண்டிருந்தது. படிக்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"சார், இதையெல்லாம் இன்னுமா வெச்சிருக்கீங்க?"

"ஓடுதா இல்லையா?" என்பார். அதற்குமேல் பேசமாட்டார். பேச்சு அவருக்கு வராது. அந்த வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் அவர் மனைவியே பேசிவிடுவாள்.

அவள் ஒருநாள் இவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். அன்றைக்குப் படிக்க வேண்டியவர் வரவில்லை. "நான் படிச்சா ஆகாதா?" என்று கேட்டாள். உட்கார்ந்தவள்தான், பிறகு எழுந்திருக்கவேயில்லை. கதை, சரித்திரம், சட்டப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு வாயில் நுழையாத சட்டப் புத்தகம், எதைக் கொடுத்தாலும் படித்தாள். மின்விசிறிச் சத்தம் பதிவில் விழுந்துவிடும் என்று அதை நிறுத்திவிட்டு, கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு படிப்பாள். தெருவில் ஹாரன் அடித்தால் நிறுத்தி, ஓட்டுநரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். திட்டை மட்டும் ஒயர் சார் வெட்டி எடுப்பார். உறுப்பினர்கள் அவளுக்குக் கதையம்மா என்று பெயர் வைத்தார்கள். முகம் தெரியாத எத்தனையோ பேர் அந்தக் குரலோடு குடித்தனம் நடத்தினார்கள்.

நூலகத்தில் தொலைபேசி எடுக்கும் பெண்ணுக்கும் பார்வை கிடையாது. ஒயர் சாரை அண்ணா என்பாள், கதையம்மாவை அண்ணி என்பாள். அதனால் அவள் எல்லாருக்கும் தங்கச்சி. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அவளிடம் உண்டு. மற்ற இடங்களில் வளவளவென்று பேசும் அது, ஒயர் சார் கட்டியதற்குள் நுழைந்தால் மட்டும் வாயடைத்துப்போகும். விசைகளை மனப்பாடம் செய்து அவள் வேலை பார்த்தாள். ஆனால் எதையாவது அழிக்கும்போது வரும் எச்சரிக்கைக் கட்டம் அவளுக்குத் தெரியாதே, தவறி எதையாவது அழித்துவிட்டால்? அதற்காக ஒயர் சார் அந்த எச்சரிக்கைக்குக் குரல் கொடுக்க நினைத்தார். 'தேர்ந்தெடுத்த பதிவுகள் அழிக்கப்படும், உறுதிசெய்க' என்று எழுதி மனைவியிடம் நீட்டினார்.

"இப்படி யாருங்க பேசுவாங்க? கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்று அதைத் தள்ளிவிட்டு, அவளாகவே சொன்னாள். எத்தனை பதிவு என்று சேர்த்துச் சொல்வதற்காக முதலில் எண்கள், ஒவ்வொன்றாக. பிறகு: "...பதிவு அழியப் போகுது. அழிஞ்சா திரும்ப வராது. நிச்சயமா?"

மழை வருகிற நாளில் குடை எடுக்காமல் கிளம்பும் புருஷனை வாசலில் நிறுத்திக் கேட்பாளே, அதே தொனி. புத்தகம் படிக்கும் குரல் ஊருக்குப் பொது. இந்த 'நிச்சயமா' வீட்டுக்குரியது. அதைத் தூக்கி ஆபீஸ் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டார் மனுஷன்.

தங்கச்சி அதை வேறு வழியில் பயன்படுத்திக்கொண்டாள். அந்த மென்பொருள் வாய் திறப்பது அழிக்கும்போது மட்டும்தான். அதனால் எத்தனை புத்தகம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், அவள் தேடி, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, அழிக்கும் விசையை அழுத்துவாள். "பதினாலு பதிவு அழியப் போகுது" என்று அண்ணி குரல் சொல்லும். உடனே வேண்டாம் என்று தப்பிக்கும் விசையை அழுத்திவிட்டு, "பதினாலு இருக்குங்க" என்று போனில் பதில் சொல்வாள். முதல்தடவை பார்த்தபோது ஒயர் சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்.

"என்னம்மா இது, கத்தியைக் கழுத்துல வெச்சு எண்ணிக்கை கேக்குற?"

"உங்க பெட்டி வேற எதுக்குண்ணா என்கிட்ட வாயைத் திறக்குது?"

நியாயமான கேள்வி. எண்ணிக்கையைச் சொல்ல ஒரு தனி விசை செய்து தருகிறேன் என்றார். செய்கிறேன், செய்கிறேன் என்று வருஷங்கள் போயின. எச்சரிக்கைதான் இருக்கிறதே என்ற தைரியம்.

பிறகு கதையம்மாவுக்குக் குரல் கம்மியது. வேர்வை உள்ளே இறங்கிவிட்டது என்று அவளே காரணம் கண்டுபிடித்து, வெந்நீரைக் கொப்பளித்துக்கொண்டு இன்னும் இரண்டு புத்தகம் படித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையை எடுத்தாக வேண்டும், எடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது.

அறுவைச் சிகிச்சை அன்று காலையில், சக்கரக் கட்டிலில் படுத்தபடி அவள் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். காற்றுதான் வந்தது, குரல் பாதி. ஆனாலும் சிரித்துக்கொண்டே, அந்தப் பெட்டி கேட்பதுபோலவே கேட்டாள். "என்னங்க, போனா திரும்ப வராதாம். நிச்சயமா?"

"நிச்சயம்" என்றார் அவர்.

அவள் பேசிய கடைசிப் பேச்சு அது. வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று நாம் கேட்கலாம். அவரும் தன்னையே அப்படித்தான் கேட்டுக்கொண்டார். கேட்டு என்ன, நெஞ்சு ஆறவில்லை.

வீடு அமைதியாகிவிட்டது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பேசத் தெரியாத ஒருவர், பேச முடியாத ஒருத்தி. பேசும் கருவி ஒன்றைத் தொண்டையில் வைத்துப் பார்த்தார்கள். 'தவளை கத்துது' என்று சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டு அதை அலமாரியில் போட்டுவிட்டாள். கூப்பிட வேண்டுமானால் டம்ளரில் கரண்டியால் தட்டுவாள். மற்றதற்கெல்லாம் சிலேட்டு.

வீட்டில் அவள் குரல் எதிலும் இல்லை. இருந்தது பொத்தான் போன். கல்யாண வீடியோவைப் பூஞ்சை தின்று வெகுநாளாகியிருந்தது. இருந்ததெல்லாம் நூலகத்தில்தான். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஒயர் சார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் படித்த புத்தகம் ஒன்றில் கொஞ்சம் கேட்பார். அது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே சிலேட்டை நீட்டுவாள்.

'இன்னைக்கு நான் என்ன படிச்சேன்?'

அவர் சொல்ல ஆரம்பிப்பார். கதை சொல்லிப் பழக்கமில்லாத வாய். முன்னுக்குப் பின் முரணாக, பெயர்களை மாற்றி, செத்தவனை உயிரோடு நடமாடவிட்டுச் சொல்வார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள், சிலேட்டில் திருத்துவாள், வாய் திறந்து சத்தமில்லாமல் சிரிப்பாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் இவ்வளவு பேசியதே இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இரண்டு பேரும் மீதிப் பொழுதைத் தள்ளினார்கள்.

படிக்கும் குரலை அவரால் தாங்க முடிந்தது. எச்சரிக்கைக் குரலைத்தான் தாங்க முடியவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் தப்பும் தவறுமாகப் படிப்பார்கள். தப்பான பதிவை அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டாள். அழிஞ்சா திரும்ப வராது, நிச்சயமா? இவர் ஆமாம் என்ற பொத்தானை அழுத்தவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் ஒரு மனுஷன் அதற்கு ஆமாம் போடுவான்?

ஒரு வெள்ளிக்கிழமை, அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 'அழிக்குமுன் கேள்' என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் அவரைப் பிடித்து உலுக்கத்தான் தோன்றுகிறது. குரலை மட்டும் எடுத்துவிட்டுக் கேள்வியை விட்டிருக்கலாம். இரண்டு வரி வேலை. ஆனால் அதற்கு அந்த ஒலியைத் திறந்து, சரியானதுதானா என்று ஓடவிட்டுக் கேட்கவேண்டும். அந்தத் தெம்பு அவரிடம் இல்லை. டிக்கை எடுப்பது சுலபமாக இருந்தது. மனசு கொஞ்சம் ஆறியதும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். தங்கச்சியிடம் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தார். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதனால் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் மனைவியைப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நேரத்தில் ஓர் உறுப்பினர் போன் செய்தார். கதையம்மாவுக்குக் குரல் போய்விட்டதாமே, பாவம், அவங்க படிச்சது மொத்தம் எத்தனை இருக்கு, ஒண்ணுவிடாம ஒவ்வொண்ணா எனக்கு அனுப்பணும் என்றார். தங்கச்சி தேடினாள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். எண்ணிக்கை கேட்க விசையை அழுத்தினாள். சத்தமில்லை. சரியாக அழுந்தவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகு வழக்கப்படி தப்பிக்கும் விசை. "பெட்டிக்குத் தொண்டை கட்டியிருக்குங்க, நாளைக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நகல் இல்லையா என்றால், இருந்தது. தினமும் அலுவலகம் மூடும்போது இந்தப் பெட்டியில் இருப்பதை அப்படியே இன்னொரு வட்டில் படியவைக்கும்படி ஒயர் சார் செய்திருந்தார். இடம் போதாததால், இங்கே இல்லாதது அங்கேயும் இருக்கக் கூடாது என்று ஒரு விதி. அன்றைக்குச் சாயங்காலமும் நகல் ஒழுங்காக எடுக்கப்பட்டது.

மறுநாள் மத்தியானம் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மனைவியின் பெயரைத் தேடினார். வெறும் கட்டம். எழுத்துப் பிழையோ என்று மறுபடி தேடினார்.

"தங்கச்சி, நேத்து பெட்டியில கை வெச்சியாம்மா?"

"நானே கேக்கணும்னு இருந்தேன்ணா. அது ஊமையாயிடுச்சு. அண்ணி புத்தகம் எத்தனைன்னு ஒருத்தர் கேட்டார், ரெண்டு தடவை அழுத்தியும் வாயே திறக்கல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எதிர்ப்பக்கம் பதில் வராமல் போகவும் சிரிப்பு நின்றது. "அண்ணா... என்னண்ணா ஆச்சு? ஏண்ணா பேசமாட்டேங்கறீங்க?"

அவர் நகலைத் திறந்து பார்த்தார், அங்கேயும் வெறும் கட்டம். தங்கச்சிக்கு மெல்லப் புரிந்தது. மேசையில் தலையை முட்டிக்கொண்டாள். "நான்தாண்ணா அழிச்சேன், என் கையாலயே அழிச்சிட்டேன்."

"உன் மேல தப்பில்லம்மா. கேக்காதேன்னு அதோட வாயைக் கட்டினது நான்தான்."

அவள் காதில் அது ஏறவேயில்லை.

பெட்டியின் வட்டையும் நகல் வட்டையும் கழற்றித் துணியில் சுற்றி, அழிந்ததை மீட்டுத் தரும் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இரண்டுமே பிதுங்க நிறைந்த வட்டுகள், ஒவ்வொரு பதிவும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. திங்கட்கிழமை சாயங்காலமே பிள்ளைகளின் புதுப் பதிவுகள் காலியான இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. சில நாள் போராடிச் சில துண்டுகளைக் கொடுத்தார். எல்லாம் கரகரப்பு. ஒன்றில் மட்டும் ஒரு பக்கம் புரளும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். உறுப்பினர்களுக்கெல்லாம் போன் செய்தார்கள். எல்லாரும் நல்லவர்கள், அவள் குரல் இருந்த கருவிகளை ஒழுங்காகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், அவையும் துடைக்கப்பட்டிருந்தன.

அந்த நாட்களிலும் வீட்டில் சிலேட்டு நீண்டது.

'இன்னைக்கு நான் என்ன படிச்சேன்?'

முதல் நாள், முன்பு எப்போதோ கேட்ட கதை ஒன்றைப் புதிதுபோலச் சொல்லிச் சமாளித்தார். அடுத்த நாள் ஞாபகத்தில் ஒன்றும் வரவில்லை. "ஒரு தபால்காரர்..." என்று ஆரம்பித்தார். "அவருக்கு ஒரு நாய் இருந்துச்சு. அது... தபால் கொடுக்கப் போற இடமெல்லாம் கூடவே போச்சு." அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் நாயைத் தொலைத்தார். மறுநாள் கண்டுபிடித்தார். அதற்கடுத்த நாள் தபால்காரரையே தொலைத்தார். கதையம்மா திருத்தவில்லை. தலையில் அடித்துக்கொள்ளவில்லை. கன்னத்தில் கைவைத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாயால் படித்த புத்தகம் அவளுக்குத் தெரியாதா?

ஒருநாள் அவர் பாதியில் இருக்கும்போது சிலேட்டை இழுத்தாள்.

'இதை நான் படிக்கலை.'

அவர் சொல்லிவிட்டார். டிக்கை எடுத்தது, எதற்காக எடுத்தது, தங்கச்சி எண்ணிக்கை கேட்டது, எல்லாம். கதை சொல்லத் தெரியாத அந்த மனுஷன் இதை மட்டும் முன்பின் மாறாமல் சொன்னார். சொல்லி முடித்துக் குழந்தை மாதிரி அழுதார்.

மூச்சுவிடக் கழுத்தில் போட்டிருந்த துவாரத்தின்மேல் கட்டியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுதினாள்.

'எல்லாமுமா?'

"எல்லாமும்."

அழித்தாள். அடுத்து என்ன எழுதுவாளோ என்று அவர் சாக்பீஸையே பார்த்தார்.

'தங்கச்சி அழுதாளா?'

"இன்னும் நிறுத்தல. வேலையை விடறேங்குறா."

'நாளைக்கு நானும் வரேன்.'

குரல் போனபிறகு அவள் அந்த மாடி ஏறியது அன்றைக்குத்தான். காலடிச் சத்தத்திலேயே தங்கச்சி கண்டுபிடித்துவிட்டாள். எழுந்து, நாற்காலியை இடித்துக்கொண்டு வந்து, கட்டிக்கொண்டு கதறினாள்.

"அண்ணி, உங்களை நானே அழிச்சிட்டேன் அண்ணி. ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது திட்டுங்க."

கதையம்மா சிலேட்டை எடுத்து 'உன் மேல கோபமே இல்லடி' என்று எழுதினாள். எழுதிய பிறகுதான் உறைத்தது, யாருக்குக் காட்டுவது? தலையசைத்தாள். அதையும் அவள் பார்க்கப் போவதில்லை. முதுகைத் தடவினாள். தங்கச்சிக்கு அது போதவில்லை. காதால் வாழ்கிறவளுக்கு அந்த அமைதி தண்டனையாகவே கேட்டது. "பேசமாட்டீங்களா அண்ணி, அவ்வளவு கோபமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கதையம்மா சிலேட்டைப் பிடித்தபடி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது செய்யுங்களேன் என்ற பார்வை.

ஒயர் சார் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். அழிந்ததெல்லாம் பதிவுகள்தான். எச்சரிக்கையின் ஒலி பதிவுகளோடு இல்லை, மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. அது தப்பியிருப்பது அவருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் அதன் பக்கம் போகாமல் இருந்தார். இப்போது டிக்கைத் திரும்பப் போட்டார். வெறுமையாக ஒரு பதிவை உண்டாக்கி, அழிக்கும் விசையை அழுத்தினார்.

"ஒரு பதிவு அழியப் போகுது. அழிஞ்சா திரும்ப வராது. நிச்சயமா?"

தங்கச்சியின் அழுகை சட்டென்று நின்றது. "அண்ணி" என்றாள், பெட்டி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி. கதையம்மாவின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. அவள் உதடுகள் அசைந்தன.

திரையில் இரண்டு பொத்தான்கள் காத்திருந்தன. ஒயர் சார் 'இல்லை'யை அழுத்தினார்.

"இன்னொரு தடவைண்ணா" என்றாள் தங்கச்சி.

பெட்டிக்குள்ளிருந்து அவள் மறுபடி கேட்டாள். மறுபடி 'இல்லை'. கதையம்மாவே இரண்டு விரலை நீட்டி, இன்னும் இரண்டு வெற்றுப் பதிவுகளைச் சேர்க்கச் சைகை காட்டினாள். பெட்டி மூன்று என்றது. இன்னும் சேர்த்தார்கள், ஐந்து என்றது. ஊருக்கே படித்துக் காட்டிய குரலில் மிஞ்சியது இந்த எண்களும் ஒரு கேள்வியும்தான். மூன்று பேரும் அதைக் காது குளிரக் கேட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மூன்று பேருமே அழுதுகொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் சேர்ந்தேதான் வீட்டுக்கு வந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவள் வழக்கம்போல சிலேட்டை நீட்டினாள்.

'இன்னைக்கு நான் என்ன படிச்சேன்?'

அவர் கழுத்திலிருந்த ஒயரை எடுத்து வாசலிலேயே வைத்தார்.

"நிச்சயமான்னு கேட்டே" என்றார்.

அவள் சாக்பீஸைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"இல்லைன்னு சொன்னேன்."